கோட்டைமேடு இருக்கு, கோட்டை எங்கே?

நாமக்கல் ஊருக்குள்ள எந்தத் தெருவுல நின்னு நிமிர்ந்து பாத்தாலும் அந்த ஒத்தைப் பாறையும் அது தலைமேல இருக்கற கோட்டையும் கண்ணுல படும். எங்க காளப்பநாயக்கன்பட்டிக்காரங்களுக்கு அது தினசரி காட்சி. கொல்லிமலைக்குப் போறவங்களுக்கும் அதுதான் முதல் காட்சி. நாமக்கல், சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, அப்புறம் காரவள்ளி. அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. போற போக்குல பாறையைப் பாத்து "ஹை, கோட்டை!"ன்னு சொல்லிட்டு, வளைவு எண்ணறதுக்குத் தயாராயிடுவாங்க.

அந்தக் கோட்டையைக் கட்டினது யாருங்கறதுக்கு ரெண்டு பேரைச் சொல்லுவாங்க. ஒண்ணு, சேந்தமங்கலம் பாளையக்காரர் ராமச்சந்திர நாயக்கர். இன்னொண்ணு, மைசூர் அதிகாரி லட்சுமிநரசய்யா. 1768ல கம்பெனிப் படை அதைப் பிடிச்சுது, அதே வருஷக் கடைசியில ஹைதர் அலி திருப்பிப் பிடிச்சுக்கிட்டாரு. இதெல்லாம் கெசட்டியர்லயே இருக்கு. நான் சொல்ல வந்தது வேற.

கட்டினது ராமச்சந்திர நாயக்கர்தான்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். அவரு 'சேந்தமங்கலம்' பாளையக்காரர். 'நாமக்கல்' பாளையக்காரர் இல்ல. அதாவது அவரு பேரோட ஒட்டியிருக்கற ஊரு மலைமேல இல்ல, கீழே சமவெளியில இருக்கு. வரி வாங்கறது, பஞ்சாயத்து பேசறது, காவலுக்கு ஆள் அனுப்பறது எல்லாம் நடந்தது இந்த மாதிரி சமவெளி ஊர்கள்ல தான். மலைமேல இருக்கற கல்லுக்கோட்டை ஆபத்துக்கு ஓடி ஒளியற இடம். ஆனா இன்னிக்கு நம்ம போட்டோ எடுக்கறது எல்லாம் ஓடி ஒளிஞ்ச இடத்தைத்தான். குடியிருந்த இடத்தை நாம பாக்கறதே இல்ல. ஏன்னா குடியிருந்த கோட்டைகள்ல முக்காவாசி மண்ணால கட்டினது.

இந்தப் பதிவு அந்த மண்கோட்டைகளைப் பத்தி.

வீடு பாதி, கோட்டை பாதி

பதினாறாம் நூற்றாண்டுல மதுரையில விசுவநாத நாயக்கரும் தளவாய் அரியநாத முதலியாரும் நாட்டைப் பாளையங்களாப் பிரிச்ச கதை பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. பாளையம் 72, மதுரைக் கோட்டைக்குக் கொத்தளம் 72, ஒரு கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் பொறுப்புன்னு சொல்லுவாங்க. அந்தப் பட்டியல்ல சேந்தமங்கலமும் வரும். வசூல்ல மூணுல ஒரு பங்கு நாயக்கருக்கு, ஒரு பங்கு படைக்கு, ஒரு பங்கு பாளையக்காரருக்குன்னு ஏற்பாடு.

இப்ப கொஞ்சம் யோசிங்க. படை வச்சிருக்கற ஆளு, வசூல் பண்ணின நெல்லையும் பணத்தையும் வீட்டுல வச்சிருக்கற ஆளு, பக்கத்துப் பாளையக்காரரோட வாய்க்கா வரப்புத் தகராறு இருக்கற ஆளு. அவரு சாதாரண ஓட்டு வீட்டுல குடியிருக்க முடியுமா? வீட்டைச் சுத்தி ஒரு மதில், மூலைக்கு மூலை கொத்தளம், வெளியில முள்வேலி, சில இடத்துல அகழி. உள்ளே அவரு குடும்பம், களஞ்சியம், ஆயுதம், குலதெய்வம். பெரிய ராஜாவோட கோட்டையும் இல்ல, வெறும் வீடும் இல்ல.

இதே மாதிரி ஒரு சங்கதி இங்கிலாந்துலயும் இருந்துச்சு. அங்கே அதுக்கு 'மேனர்'னு பேரு. கிராமத்துப் பிரபு ஒருத்தர், அவரோட வீடு, அதைச் சுத்தித் தண்ணி நிக்கற அகழி, தோண்டின மண்ணைக் குவிச்ச கரை. வீட்டு மதில்மேல போர்க்கோட்டை மாதிரி பல்லு பல்லா வச்சுக் கட்டணும்னா ராஜாகிட்ட லைசென்ஸ் வாங்கணும். 1291ல லாரன்ஸ்னு ஒரு கம்பளி வியாபாரி கூட தன்னோட ஸ்டோக்சே வீட்டுக்கு அந்த லைசென்ஸ் வாங்கியிருக்காரு. பயத்துக்குப் பாதி, பந்தாவுக்குப் பாதின்னு வச்சுக்கலாம். இந்த மாதிரி அகழி வீடுகளோட தடயம் இங்கிலாந்துல மட்டும் சுமார் 6,000 இருக்கறதாக் கணக்கு. 1250லருந்து 1350 வரைக்கும்தான் அந்த ஃபேஷன் உச்சத்துல இருந்திருக்கு.

அங்கேயும் பெரும்பாலான இடத்துல வீடு போயிடுச்சு. புல்வெளியில ஒரு பள்ளம், ஒரு மேடு, அவ்வளவுதான் மிச்சம். ஆனா அந்தப் பள்ளத்தையும் மேட்டையும் அவங்க எப்படி வச்சிருக்காங்கங்கறதை அப்புறம் சொல்றேன். முதல்ல நம்ம மண்ணோட பெருமையைப் பேசிடுவோம்.

மண்ணுன்னா மட்டமா?

"மண்கோட்டை"ன்னு சொன்னவுடனே, பாவம், கல்லுல கட்ட காசில்லை போலன்னு நினைக்கத் தோணும். பீரங்கி வந்ததுக்கப்புறம் கதை அப்படி இல்ல.

கல்லுச் சுவர்ல குண்டு பட்டா கல்லு தெறிக்கும், விரிசல் விடும், ஒரு இடம் பெயர்ந்தா மேல இருக்கறது சரியும். மண் சுவர்ல குண்டு பட்டா? பொதக்குன்னு உள்ளே போய் உக்காந்துக்கும். குண்டோட வேகத்தை மண்ணு வாங்கிக்கும். 1494ல பிரெஞ்சு ராஜா எட்டாம் சார்லஸ் பீரங்கிகளை இழுத்துக்கிட்டு இத்தாலிக்குள்ள நுழைஞ்சப்போ, உயரமான கல் மதில்களை நம்பி இருந்த ஊர்கள் ஆடிப் போச்சு. அதுக்கப்புறம் ஐரோப்பாவுல கோட்டை கட்டினவங்க மதிலைத் தாழ்வாவும் கனமாவும் ஆக்கி, மண்ணை உள்ளே கொட்டிக் கட்ட ஆரம்பிச்சாங்க. அவங்க பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதை நம்ம பாளையக்காரர் கையில இருந்த மண்ணே அவருக்குக் கொடுத்துடுச்சு.

எங்க பக்கத்துல மண்சுவத்து வீடு கட்டறதைப் பாத்தவங்களுக்கு முறை தெரியும். களிமண்ணுல வைக்கோல் போட்டு மிதிச்சு, ஒரு அளவு உயரத்துக்கு வச்சு, அதைக் காயவிட்டு, அதுமேல அடுத்தது. காஞ்சு இறுகிட்டா கடப்பாரை போட்டாலும் லேசுல இறங்காது. வாசுதேவநல்லூர்ல புலித்தேவன் தரப்போட மண்கோட்டையை 1759ல யூசுப் கான் (நம்ம மருதநாயகம்தான்) பீரங்கி வச்சு அடிச்சும் பிடிக்க முடியாம திரும்பினாரு. 1761லதான் அது அவரு கைக்கு வந்துச்சு.

மண்ணுக்கு ஒரே எதிரி மழை. ஒவ்வொரு மழைக்காலமும் கொஞ்சம் கரைக்கும். ஒவ்வொரு வருஷமும் ஆளுங்க வந்து பூசணும், அடைக்கணும். கல்லுக்கோட்டை ஆளில்லாமலும் 300 வருஷம் நிக்கும். மண்கோட்டைக்கு ஊரு ஜனம் கூடவே இருக்கணும். இதை ஞாபகம் வச்சுக்குங்க, அடுத்த பகுதிக்கு இது முக்கியம்.

பாஞ்சாலங்குறிச்சி: ஒரு வாரத்துல ஒரு கோட்டை

பாஞ்சாலங்குறிச்சின்னு சொன்னதும் நம்ம எல்லாருக்கும் 1959ல வந்த சிவாஜி படம்தான் கண்ணு முன்னாடி வரும். அதோட சண்டைக் காட்சிகளை ஜெய்ப்பூர்ப் பக்கம் போய் எடுத்தாங்க. பெரிய பெரிய மதில், யானை, குதிரை. நிஜக் கோட்டையோட அளவைப் பாத்தா அசந்து போவீங்க.

ஜேம்ஸ் வெல்ஷ்னு ஒரு கம்பெனி அதிகாரி. 1801 சண்டையில நேர்ல இருந்தவரு. (சின்ன மருதுகிட்ட ஈட்டி எறியவும் வளரி வீசவும் கத்துக்கிட்டவரும் இவருதான். பின்னாடி அதே மருதுவை எதிர்த்து சண்டைக்குப் போனாரு. அது தனிக் கதை.) 1830ல வந்த தன்னோட நினைவுக் குறிப்புகள்ல கோட்டையை வர்ணிச்சிருக்காரு. கோணலான நாற்கரம். ரெண்டு பக்கம் சுமார் 500 அடி, மத்த ரெண்டு பக்கம் சுமார் 300 அடி. முழுக்க மண்ணு. சுவர் உயரம் சுமார் 12 அடி. சின்னச் சின்னச் சதுரக் கொத்தளம். சுத்தி அடர்த்தியான முள்வேலி.

500க்கு 300ன்னா ஏறக்குறைய மூணரை ஏக்கர். எங்க ஊருல சுமாரா நிலம் வச்சிருக்கற ஒரு விவசாயியோட தோட்டத்துக்குள்ள அடங்கிடும்! இந்த மூணரை ஏக்கரைப் பிடிக்கத்தான் கம்பெனி திரும்பத் திரும்ப படை அனுப்புச்சு.

வரிசையாப் பாத்துடுவோம். 1799 செப்டம்பர் 5ம் தேதி மேஜர் பானர்மன் தாக்குறாரு. முதல் தாக்குதல்ல கோட்டை விழல, கம்பெனி அதிகாரிகள் பலர் செத்துப் போறாங்க. கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறி, பிடிபட்டு, அக்டோபர் 16ம் தேதி கயத்தாறுல தூக்கிலிடப்படறாரு. மத்த பாளையக்காரர்களை வரவழைச்சு, அவங்க கண்ணு முன்னாடியே அதைச் செஞ்சாங்க. கோட்டைகளை இடிக்கணும், ஆயுதங்களை ஒப்படைக்கணும்னு அவங்களுக்கு உத்தரவும் போட்டாங்க. பாஞ்சாலங்குறிச்சியும் இடிக்கப்பட்டுச்சு.

1801 பிப்ரவரி 2ம் தேதி, பாளையங்கோட்டை சிறையிலருந்து ஊமைத்துரையும் கூட்டாளிகளும் தப்பிக்கறாங்க. ஒரு வாரம் கழிச்சு மேஜர் மெக்காலே படையோட பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்து பாத்தா, தரைமட்டம் ஆக்கின கோட்டை எழும்பி நிக்குது. உள்ளே ஆளுங்க தயாரா நிக்கறாங்க. கம்பெனிக்காரங்க எழுதி வச்ச ஆச்சரியத்துலயே இதுதான் பெரிய ஆச்சரியம்.

எனக்கு எதைப் பாத்தாலும் கணக்கு போடற வியாதி உண்டு. போட்டுப் பாத்தேன் :-) சுத்தளவு 1,600 அடி. உயரம் 12 அடி. சுவரோட கனம் சராசரி 6 அடின்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்குவோம். மொத்தம் 1,15,200 கன அடி மண்ணு. நம்ம மண் லாரிக்காரர் பாஷையில சொன்னா 1,152 யூனிட். லோடுக்கு மூணு யூனிட்டுன்னா 384 லாரி. ஒரு ஆளு ஒரு நாளைக்கு 50 கன அடி மண்ணை வெட்டிச் சுமந்து வச்சு மிதிக்கறாருன்னு வச்சுக்கிட்டா, ஆறு நாள்ல முடிக்க கிட்டத்தட்ட 400 பேரு விடாம வேலை செய்யணும். தண்ணி எடுத்துக் கொடுக்கறவங்க, சோறு போடறவங்க எல்லாம் தனி. இந்த 400ங்கறது என்னோட குத்துமதிப்பு. ஆனா ஒண்ணு நிச்சயம், இது ஒரு தளபதியும் பத்து கொத்தனாரும் செய்யற வேலை இல்ல. அக்கம் பக்கத்து ஊரே மண்ணு சுமந்திருக்கணும். ஊமைத்துரைக்கு எவ்வளவு ஆதரவு இருந்துச்சுன்னு கேட்டா, எந்தக் கல்வெட்டையும் விட இந்தச் சுவர்தான் நல்ல சாட்சி.

இன்னொரு விஷயமும் இதுல இருக்கு. கல்லுக்கோட்டையை இடிச்சா கல்லை வண்டி கட்டி எடுத்துட்டுப் போயிடலாம். மண்கோட்டையை இடிச்சா? சுவரு இருந்த இடத்துலயே மண்ணு குவிஞ்சு கிடக்கும். அஸ்திவாரம் அப்படியே இருக்கும். தண்ணியும் ஆளும் இருந்தா மறுபடி எழுப்பிடலாம். 1799ல இடிச்சவங்க இதை யோசிக்கலன்னுதான் எனக்குத் தோணுது.

மார்ச் 31ம் தேதி பெரிய தாக்குதல். பீரங்கி அடிச்சு சுவர்ல வழி திறந்தாச்சு. ஆனா வழியில ஏறிப் போன ஒருத்தரும் உள்ளே இறங்க முடியல. உச்சிக்குப் போனவங்க எல்லாம் விழுந்துக்கிட்டே இருந்தாங்க. ஏன்னு அப்ப புரியல. பெரும் சேதத்தோட பின்வாங்கினாங்க. கர்னல் ஆக்னியூ கூடுதல் படையும் பெரிய பீரங்கியும் வச்சு வந்தப்புறம் மே 24ம் தேதிதான் கோட்டை விழுந்துச்சு.

விழுந்தப்புறம் உள்ளே போய்ப் பாத்தாங்க. அப்பத்தான் சூட்சுமம் தெரிஞ்சுது. கொத்தளங்களோட உட்புறத்தைக் குடைஞ்சு பள்ளமாக்கி வச்சிருக்காங்க. பள்ளத்துக்குள்ள நின்ன வீரர்கள் மேல வெளியிலருந்து குண்டு படாது. அவங்க கையில 18 லருந்து 20 அடி நீள ஈட்டி. சுவர் உச்சியில தலை தெரிஞ்சா கீழேருந்து ஒரே குத்து. அவங்களுக்குப் பின்னாடி உயரமான இடத்துல துப்பாக்கிக்காரங்க. ஏறி வர்றவனுக்குக் கால் ஊன்ற இடமே கிடையாது. பீரங்கி அடிச்சு சுவர் உடைஞ்சாலும் கோட்டை உடையாத மாதிரி யோசிச்சுக் கட்டியிருக்காங்க. மண்ணுங்கறதாலதான் இப்படி இஷ்டத்துக்குக் குடைய முடிஞ்சுது. கல்லுல இது நடக்காது.

ஆமணக்கு விதைச்ச கதை

ரெண்டாவது தடவை கம்பெனி ஏமாறத் தயாரா இல்ல. இடிச்சதோட நிறுத்தல. ஏர் பூட்டி உழுதாங்க. ஆமணக்கு (எங்க பக்கம் கொட்டமுத்து) விதைச்சாங்க. பாஞ்சாலங்குறிச்சிங்கற பேரையே கணக்குலருந்து எடுத்தாங்க. இதை வெறும் வன்மம்னு சின்ன வயசுல நினைச்சிருந்தேன். முந்தின வருஷக் கதையோட சேர்த்துப் பாத்தா இதுல ஒரு கணக்கும் இருக்கு. மண்குவியல் இருந்தா மறுபடி கோட்டை வரும். குவியலையே கலைச்சு வயலாக்கிட்டா? உழவு மாடு பீரங்கியை விட நல்லா வேலை செய்யும்.

அது பாஞ்சாலங்குறிச்சியோட நிக்கல. 1801 அக்டோபர் 24ம் தேதி மருது சகோதரர்களைத் திருப்பத்தூர்ல தூக்கிலிட்டாங்க. நவம்பர் 16ம் தேதி ஊமைத்துரையைப் பாஞ்சாலங்குறிச்சிக்கே கொண்டு வந்து தூக்கிலிட்டாங்க. டிசம்பர் 1ம் தேதி கவர்னர் எட்வர்ட் கிளைவ் பேருல ஒரு பிரகடனம். பாளையக்காரர்கள் கோட்டையை இடிச்சாகணும், ஆயுதத்தை ஒப்படைச்சாகணும். 1803லருந்து தெற்கே பாளையக்காரர் 'ஜமீன்தார்' ஆனாரு. கோட்டை 'அரண்மனை' ஆச்சு. மதில் போயிடுச்சு, மாடி வந்துச்சு. எங்க சேலம் சீமை இதுக்கு முன்னாடியே மைசூர் கைக்குப் போய், 1792ல ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில கம்பெனிக்கு வந்துடுச்சு.

அதனால தமிழ்நாட்டுல மண்கோட்டைகளைக் காணோம்னா, "மண்ணுதானே, கரைஞ்சு போச்சு"ன்னு சொல்றது பாதி உண்மை. மழை கரைச்சது கொஞ்சம். உத்தரவு போட்டு அழிச்சது நிறைய.

பசி இடிச்ச கோட்டை

எல்லாத்தையும் கம்பெனி தலையில போட்டுடவும் முடியாது. ஈரோட்டைப் பாருங்க. அங்கே ஊரு நடுவுல ஒரு கோட்டை இருந்துச்சு. 1800ல அந்தப் பக்கம் சுத்திப் பாத்த புக்கானன் அதைப் பெரிய மண்கோட்டைன்னு எழுதியிருக்காரு. 1807ல அங்கேருந்து காவல்படையை எடுத்துட்டாங்க. அப்புறம் சும்மா கிடந்துச்சு. தாது வருஷப் பஞ்சம் வந்துச்சு. 1877ல அந்தக் கோட்டையைச் சமமாக்கிட்டாங்க. எதுக்குன்னு கேட்டா, பஞ்ச நிவாரண வேலை!

அந்த வருஷ ஆரம்பத்துல சென்னை மாகாணத்துல நிவாரண வேலைக்கு வர்ற ஆம்பளைக்கு ஒரு நாள் கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும்னு குறைச்சிருந்தாங்க. ஒரு ராத்தல்னா 450 கிராம். நாள் முழுக்க மண்ணு வெட்டற ஒரு ஆளுக்கு. யாரோ ஒரு காலத்துல கூடி நின்னு மிதிச்சுக் கட்டின மதிலை, பசியோட வந்த ஜனங்க அரை வயித்துக் கூலிக்கு வெட்டிச் சாய்ச்சிருக்காங்க. பாஞ்சாலங்குறிச்சியில ஒரு வாரத்துல எழும்பின சுவரையும் ஈரோட்டுல விழுந்த சுவரையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா மனசு என்னவோ பண்ணுது. ரெண்டு இடத்துலயும் மண்ணு சுமந்தது ஒரே மாதிரி ஜனங்கதான்.

இன்னிக்கு ஈரோட்டுல கோட்டை ஈஸ்வரன் இருக்காரு, கோட்டைப் பெருமாள் இருக்காரு. கோட்டை இல்ல. சேலத்துல ஆடி மாசம் கோட்டை மாரியம்மனுக்கு அவ்வளவு கூட்டம், அவ எந்தக் கோட்டைக்கு மாரியம்மன்னு கேட்டா பாதிப் பேருக்குப் பதில் தெரியாது. கோயமுத்தூர்ல 1791ல சால்மர்ஸ்னு ஒரு லெப்டினன்ட் திப்புவோட படைக்கு எதிரா ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் தாக்குப் பிடிச்ச கோட்டை ஒண்ணு இருந்துச்சு. இப்ப அங்கே கோட்டைமேடுன்னு பேரு மட்டும் இருக்கு. மேட்டுல வீடும் கடையும் நெருக்கி நிக்குது.

மதுரையில கல்லுக்கோட்டைக்கே இதுதான் கதி. 1840கள்ல கலெக்டர் பிளாக்பர்ன் மதிலை இடிச்சு அகழியைத் தூத்தாரு. ஊரு நெரிசலாகி நோய் பரவுது, விரிவாக்கணும்னு காரணம். ஆனா வேலையில இருந்த ரெண்டு பேரு தெருவாகிட்டாங்க: மாரட் வீதி, பெருமாள் மேஸ்திரி வீதி. மதிலுக்கு வெளியே இருந்தது வெளி வீதி. பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் கோட்டையில ஒரு துண்டு மட்டும் மிச்சம். இடிச்ச பிளாக்பர்னுக்கு நன்றி சொல்லி ஊரே ஒரு விளக்குத்தூண் நட்டு வச்சிருக்கு! நாலு வெளி வீதியையும் சுத்தி நடந்து வாங்க, இல்லாத கோட்டையைச் சுத்தி வந்த மாதிரிதான்.

ஆக, கோட்டை போனாலும் மூணு மிச்சம் இருக்கும். தரையோட வடிவம், ஊரு வாயில நிக்கற பேரு, காவலுக்கு வச்ச சாமி. இதுல பேரையும் சாமியையும் நாம விடறதில்ல. தரையோட வடிவத்தைத்தான் சர்வ சாதாரணமா விட்டுடறோம்.

பள்ளத்துக்கும் மேட்டுக்கும் மரியாதை

இப்ப இங்கிலாந்துக்கு வருவோம். அங்கே 1882லயே பழஞ்சின்னப் பாதுகாப்புச் சட்டம் வந்தாச்சு. முக்கியமான அகழி வீட்டுத் தடயங்கள் பலதும் இன்னிக்கு அரசாங்கப் பட்டியல்ல இருக்கு. பட்டியல்ல இருக்கற இடத்துல அனுமதி இல்லாம குழி வெட்டக்கூட முடியாது. அவங்க நாட்டு சர்வே வரைபடத்துல வரலாற்று இடங்களுக்குன்னே ஒரு பழைய பாணி எழுத்து உண்டு. வயல் நடுவுல அந்த எழுத்துல 'அகழி'ன்னு போட்டிருந்தா, போறவன் வர்றவனுக்கு அது வெறும் குட்டை இல்லன்னு தெரிஞ்சுடும். 2015ல அவங்க சுற்றுச்சூழல் துறை, விமானத்துலருந்து லேசர் வச்சு தரையோட மேடு பள்ளத்தை அளந்த தகவலை இலவசமாத் திறந்து விட்டுச்சு. வீட்டுல உக்காந்து அதைப் பாத்தே புதுத் தடயம் கண்டுபிடிக்கறவங்க இருக்காங்க. நம்ம தொழில்ல இருக்கறவங்களுக்கு நாக்குல எச்சில் ஊறும்.

அவங்க பணக்கார நாடு, நமக்கு எதுக்குன்னு கேக்கலாம். ஒரு மேட்டைக் காப்பாத்தப் பெருசா காசு வேண்டாம். கோபுரத்துக்கு வெள்ளையடிக்கணும், சிற்பத்துக்குக் கம்பி கட்டணும். மேட்டுக்கு? சும்மா விட்டாலே போதும்.

சும்மா விட்டதுக்குப் பலன் என்னன்னு புதுக்கோட்டைப் பக்கம் பொற்பனைக்கோட்டையில பாக்கலாம். அது பாளையக்காரர் காலத்துது இல்ல, ரொம்பப் பழசு. மண் மதிலோட மேடும் அகழியோட பள்ளமும் இன்னும் கண்ணுக்குத் தெரியுது. முனீஸ்வரன் கோயிலும் இருக்கு. 2012ல அங்கே தமிழி எழுத்துள்ள நடுகல் கிடைச்சுது. 2023ல தமிழ்நாடு தொல்லியல் துறை அகழாய்வு தொடங்குச்சு. கீழடியும் 2015ல தோண்ட ஆரம்பிக்கற வரைக்கும் பள்ளிச்சந்தைத் திடல்னு ஒரு தென்னந்தோப்பு மேடுதான். ரெண்டு இடத்தையும் யாராவது முன்னாடியே சமன் பண்ணி பிளாட் போட்டிருந்தா இன்னிக்குப் பேச ஒண்ணும் இருந்திருக்காது.

பாஞ்சாலங்குறிச்சியிலயும் 1968-69ல தொல்லியல் துறை தோண்டிப் பாத்துச்சு. உழுது ஆமணக்கு விதைச்ச மண்ணுக்கு அடியில கட்டடங்களோட அடித்தளம் இருந்துச்சு. அழிச்சிட்டோம்னு நினைச்சவங்களால கூட முழுசா அழிக்க முடியல. 1974ல தமிழக அரசு பக்கத்துலயே நினைவுக் கோட்டை ஒண்ணு கட்டுச்சு. சுற்றுலா போறவங்க அந்தப் புதுக்கோட்டையில போட்டோ எடுத்துட்டுத் திரும்பிடறாங்க. ஒரு நிமிஷம் தள்ளி நடந்தா நிஜமான இடம் இருக்கு. அங்கே நின்னு பாக்க வேண்டியது தரையைத்தான்.

1801ல ஏர் உழுதும் தப்பிச்ச அடித்தளம் இன்னிக்கு ஜேசிபிகிட்டத் தப்பிக்காது. ஏர் அரை அடி போகும். ஜேசிபி பத்து அடி போகும். ஒரே நாள்ல மேட்டை அள்ளி, அந்த மண்ணை லாரியில ஏத்தி, இன்னொரு வீட்டு மனைக்கு நிரப்பிடும். பிரகடனம் போடல, பஞ்சமும் இல்ல. அங்கே என்ன இருந்துச்சுன்னு யாரும் கேக்கல, அவ்வளவுதான். பாளையக்காரர் காலத்து மேடுகள்ல நிறைய இப்படித்தான் கடைசியாப் போயிட்டிருக்கு. அதோட சேர்ந்து, நாமக்கல் பாறை மாதிரி கல்லு கிடைச்ச இடத்துல மட்டும்தான் வரலாறு நடந்துச்சு, சமவெளி ஊர்கள்ல ஒண்ணுமே இல்லங்கற ஒரு பொய்யும் மெதுவா நிஜமாயிடும்.

நம்மால ஆகக்கூடியது சின்ன வேலைதான். உங்க ஊருல கோட்டைமேடு, கோட்டைத்தெரு, கோட்டைவாசல், அகழின்னு ஏதாவது பேரு இருந்தா, இந்த லீவுக்குப் போறப்போ ஒரு நடை நடந்து பாருங்க. சுத்தி இருக்கற தெரு சதுரமா வளையுதா? ஒரு பக்கம் மட்டும் தரை ஏறுதா? மழை பேஞ்சா தண்ணி ஒரே கோட்டுல நிக்குதா? செயற்கைக்கோள் படத்துல வயல் வரப்பு எங்கேயாவது காரணமில்லாம வளைஞ்சு போகுதா? ஊருல வயசானவங்களை ஒக்கார வச்சு, "அப்பாரு, அந்த மேட்டுக்கு ஏன் அந்தப் பேரு?"ன்னு கேளுங்க. நாலு போட்டோ எடுத்து, ஊரு பேரும் தேதியும் போட்டு எழுதி வைங்க. இடம் முக்கியமானதாத் தெரிஞ்சா மாவட்டத் தொல்லியல் அலுவலருக்கு ஒரு கடிதம் போடுங்க.

தோண்ட மட்டும் தோண்டாதீங்க. புதையல் கிதையல்னு எவனாவது சொன்னா நம்பாதீங்க. ஒரு ஊரே கூடி நின்னு மிதிச்ச மண்ணு அது. அங்கே இருக்கற புதையல் அவ்வளவுதான், அது கலைஞ்சா திரும்பக் கிடைக்காது.